வடக்குச் சுவர்

வடக்குச் சுவரில் மட்டும் பனி படியவில்லை.

மற்ற சுவர்களில், கூரையின் அடியில், தண்ணீர் வாளியின் விளிம்பில், ரோசினா விட்ட மூச்சு பட்ட போர்வை ஓரத்தில்கூட விடிந்து பார்த்தால் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். அமெரிக்காவின் தகோட்டா சமவெளியில் ஜனவரிக்கு வீட்டுக்குள்ளும் வெளியிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கட்டிலை ஒட்டிய அந்தச் சுவர் கறுப்பாக, ஈரமாக, குளித்துவிட்டு வந்த உடம்பு மாதிரி இருந்தது. நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கையை நீட்டித் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"அடுப்புச் சூடு," என்றான் அவள் புருஷன் காஸ்பர். அடுப்பு இருந்தது அடுத்த அறையில். அதில் வறட்டியும் பாதிதான் எரிந்துகொண்டிருந்தது.

கட்டில் கிடந்த அறையை அவன் அக்டோபரில் கட்டினான். புல்லும் வேருமாக நிலத்தைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல் போல அடுக்கிக் கட்டுவதுதான் அங்கே வீடு. மரம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடையாது. கருங்கடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி, பிறகு மாட்டு வண்டிகளில் வந்து இறங்கியவர்கள் முதல் வருஷம் கட்டிய வீடுகள் இன்னும் மேடு மேடாகத் தெரிந்தன. உள்ளேதான் ஆள் இல்லை. முதல் குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. பெரியவர்கள் அவர்களை ஓடைக்கு மேலே இருந்த மேட்டில் புதைத்துவிட்டு, வசந்தத்தில் கோதுமை விதைத்தார்கள். கோதுமையை ஒரு வருஷம் ஆலங்கட்டி அடித்தது, மறு வருஷம் வெட்டுக்கிளி தின்றது, அதற்கப்புறம் மழையே இல்லை. ஒவ்வொரு குடும்பமாக வண்டி கட்டி மேற்கே போனது. போகும்போது சட்டி பானையைக்கூட விடவில்லை. மேட்டில் படுத்திருந்தவர்களைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள்.

காஸ்பர், ரோசினாவைத் தவிர வால்பர்கா மட்டும் போக மறுத்தாள். அவள் புருஷன் போய்விட்டான். மகள் லேனா மேட்டில் இருந்தாள். தாயான அவள் காஸ்பர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

அந்த வாரம் ரோசினாவைப் பார்க்க வந்தவள், வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி இது, மாசிப்பத்திரி வாசனை அடிக்குது?"

ரோசினாவுக்கும் அந்தக் கசப்பு வாடை சில நாட்களாகத் தெரியும். கட்டிலுக்குக் கீழே சுவரில், நட்ட நடுக் குளிர்காலத்தில், சாம்பல் பச்சையில் துளிர் விட்டிருந்தது. வால்பர்கா மண்டியிட்டு அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான் ஊர்லருந்து வேரோட கொண்டாந்தது," என்றாள். "எங்க நட்டேன்னு எனக்குத் தெரியும்."

காஸ்பர் வாசலில் நின்றிருந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "எங்கடா வெட்டின?"

முதலில் ஓடைக்கரை என்றான். பிறகு தரையைப் பார்த்தான். பிறகு கோபம் வந்தது. "கடைசிச் சுவருக்குப் பாளம் பத்தல. பனி விழ ஆரம்பிச்சிருச்சு. இந்த ஊர்ல உழாத நிலம்னு அந்த மேடு ஒண்ணுதான மிச்சம்? மத்ததையெல்லாம் உழுது நாசமாக்கிட்டோமே! எம்புள்ள பனியில பொறக்கணுமா? செத்தவங்களுக்கு எதுக்கு அக்கா புல்லு?"

"அதுங்களுக்கு இருந்த கூரையே அதுதானடா," என்றாள் வால்பர்கா.

அவள் கத்துவாள், அடிப்பாள், இனி இந்த வாசல்படி மிதிக்க மாட்டாள் என்று ரோசினா நினைத்தாள். வால்பர்கா போர்வையைக் கழற்றிச் சுவரின் மேல் போர்த்தினாள். பிள்ளைக்குப் போர்த்துவதுபோல ஓரங்களைச் செருகிவிட்டாள்.

அதன் பிறகு தினமும் வந்தாள். சுவரோரம் உட்கார்ந்து முணுமுணுவென்று பேசுவாள், நிறுத்துவாள், தலையாட்டுவாள், மறுபடி பேசுவாள். அந்த இடைவெளிகள்தான் ரோசினாவைப் பயமுறுத்தின. பதிலுக்குக் காத்திருப்பவள்தான் அப்படி நிறுத்துவாள். அவள் போன பிறகு, காற்று கூரையை உராயும் ஓசைக்குக் கீழே, வேர்கள் இழுபடுகிற மாதிரி மெல்லிய ஓசை கேட்கும். அப்புறம் இன்னொன்று. உதடு சப்புகிற ஓசை. அது கேட்கும்போதெல்லாம் ரோசினாவின் மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது.

"கட்டிலை அந்தப் பக்கம் போடுங்களேன். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"அங்க பசு நிக்குது. தொழுவம் சாஞ்சு கெடக்கு. பசு செத்தா நாம என்னத்தக் குடிக்கறது?"

"எனக்குப் பயமா இருக்கு."

"மண்ணு, ரோசி. வெறும் மண்ணு."

பனிப்புயல் அடித்த ஒரு பகலில் வலி வந்தது. வால்பர்கா வந்துவிட்டிருந்தாள், யாரும் போய்க் கூப்பிடவில்லை. ஜன்னல் வெளுத்து, பகலா என்று சொல்ல முடியாத ஒரு மங்கல். வலி, காற்று, பசுவின் மூச்சு, மாசிப்பத்திரியின் கசப்பு. மதியத்துக்குப் பிறகு பெண் குழந்தை பிறந்தது. வால்பர்கா அதைத் துடைத்து ரோசினாவின் நெஞ்சில் போட்டாள். குழந்தை வீரிட்டது.

சுவர் வீரிட்டது.

முதலில் ஒரு குரல். லேசாக, மண்ணுக்குள்ளிருந்து. பிறகு இன்னொன்று. பிறகு எத்தனை என்று தெரியவில்லை. தொண்டை அடைத்த குரல்கள்.

"அதுங்களுக்குப் பசிக்குது," என்றாள் வால்பர்கா. அவள் முகத்தில் இத்தனை வருஷமும் ரோசினா பார்க்காத சிரிப்பு.

காஸ்பர் மண்வெட்டியோடு வந்தான். முகம் வெளிறியிருந்தது. "காத்து! ஓட்டையில காத்து பூருது! இந்தா பாருங்க, இப்பவே காட்டறேன்." போர்வையைப் பிடுங்கி எறிந்தான். வெட்டினான். மண் உதிர்ந்தது. கறுப்பு மண், வெள்ளை வேர். வேறு ஒன்றுமில்லை.

அழுகை நின்றது.

"பாத்தீங்களா?" சத்தமாகச் சிரித்தான். "நான் சொல்லல?" மனைவிக்குக் காட்டுவதற்காக முழங்கை வரை கையைத் துளைக்குள் விட்டான். "வெறும் மண்ணு."

சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கியது.

"என்ன?" என்றாள் ரோசினா.

அவன் கையை இழுத்துப் பார்த்தான். கை வரவில்லை.

"என்னங்க?"

"விரல," என்றான். மெல்ல. "விரலப் புடிச்சிருக்கு."

பிறந்த குழந்தை பிடிக்கிற மாதிரி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவன் கண்களிலிருந்து அவளுக்கே தெரிந்தது. வால்பர்கா அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"முரட்டுத்தனமா இழுக்காதடா. சின்னது."

கை தோள் வரை உள்ளே போய்விட்டது. அவன் இழுக்கவில்லை. இழுப்பதை விட்டுவிட்டான்.

"ரோசி," என்றான். "இன்னொண்ணும் புடிச்சிருச்சு."

ரோசினாவால் எழ முடியவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

சுவரின் அந்தக் கோடியில் கொஞ்சம் மண் உதிர்ந்தது. தாழ்வாக, தவழும் பிள்ளையின் உயரத்தில். அதற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம். அப்புறம் கட்டிலின் தலைமாட்டில்.

அவள் காதோரம்.