மருதாத்தாள் வெட்டிவைத்த சட்டைகள்

எலப்புள்ளியில் இருந்த அந்தப் பழைய வீட்டிற்கு அவர்கள் குடிவந்தது மாசி மாதத்து முற்பகல் ஒன்றில். தனபால் கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் பணிபுரிந்தான். அவன் மனைவி யோகப்பிரியா, பழைய பாணிக் கவுன்களை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

பின்னறைப் பரணில் ஒரு காகிதக் கட்டு கிடந்தது. அதைப் பிரித்தபோது கற்பூரமும் ஈரமும் கலந்த வாடை எழுந்தது. துணியின் மீது வைத்து வெட்டுவதற்கென முன்பு எவரோ கத்தரித்து வைத்த காகித அளவுகள் அவை. மொத்தம் ஏழு; ஏழும் குழந்தைச் சட்டைகளுக்கானவை. கைக்குழந்தைக்கு ஒன்று, பின்னர் ஆண்டுக்கு ஒன்றாக ஆறு வயது வரை. எந்தக் காகிதத்திலும் ஊசி குத்திய தடமில்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் மாமியார் பழனாத்தாள் அவற்றைக் கண்டு முகம் சுளித்தாள்.

"ஏம்புள்ள, பொறக்கறதுக்கு முன்னாடியே துணி தெக்கறதா? பொறந்த கொழந்தைக்கு மொதல்ல பழைய வேட்டிதான் சுத்தோணும்."

"இது மாதிரிக்குத் தெக்கறதுங்க அத்தை. போட்டோ எடுக்கத்தான்."

"போட்டோவுக்கு உங்கூட்டுக்காரன நிக்க வை. அவனும் கொழந்தையாட்டத்தான் இருக்கறான்."

இருவரும் சிரித்தனர். மாமியார் சென்ற பின்னர், யோகப்பிரியா முதற்சட்டையைத் தைத்து முடித்தாள். அதன் அழகில் மனம் நெகிழ்ந்து, வயிற்றைத் தடவியவாறு மெல்லச் சொன்னாள்:

"உனக்குத்தான் கண்ணு."

அச்சொல்லை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று மாலையே வயிற்றில் அசைவு நின்றது. மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் கேட்டுப் பார்த்து, குழந்தை நலமென்றே கூறி அனுப்பினர். எனினும் அசைவு திரும்பவில்லை. மறுநாள், மனக்கலக்கத்தை மறக்கும் பொருட்டு, அவள் இரண்டாம் காகிதத்தை எடுத்துத் துணி வெட்டி, தையல் இயந்திரத்தை மிதித்தாள்.

குழந்தை உதைத்தது.

மிதிப்பதை நிறுத்தினாள். உள்ளேயும் நின்றது.

"ஏனுங்க, மிசின் ஓடுனாத்தான் அசையுது" என்று கணவனிடம் கிசுகிசுத்தாள்.

"சத்தங் கேட்டு முழிச்சுக்கும். அப்பனாட்டத் தூங்குமூஞ்சி போல" என்றான் தனபால்.

அவள் சிரிக்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று வாரக்கணக்கில் தைத்துக்கொண்டே சென்றாள். கால்கள் வீங்கின. நண்பகல் வெயில் முற்றத்தில் காயும் வேளைகளில், அவள் முதுகுக்குப் பின்னால், நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் ஓசை கேட்கலாயிற்று.

திரும்பினால் எவருமில்லை.

ஏழாம் சட்டையும் முடிந்த மறுநாள் காலையில், தேங்காய் பறிப்பதற்காக வீட்டுக்காரர் குப்பண்ணன் வந்தார். கொடியில் வரிசையாகத் தொங்கிய சட்டைகளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"இது மருதாத்தா வெட்டுனதாச்சேங்க..."

"யாருங்க அது?"

"உங்களுக்கு முன்ன இங்க தனியாக் குடியிருந்த தையக்காரிங்க. ஒத்தைக் கொழந்தை, வயித்துலயே போயிருச்சு. வருசா வருசம் அதுக்கு ஒரு சட்டைக்குக் காகிதம் வெட்டி வெப்பா. தெக்க மட்டும் மாட்டா. கேட்டா, கொழந்தை வரட்டும், வந்தாத் தெச்சுக்கலாம்பா. ஏழாவதை வெட்டுன வருசம் அவளும் போயிட்டா."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த பழனாத்தாள், சட்டைகளையும் காகிதங்களையும் வாரிக் கொல்லையில் போட்டுத் தீ வைத்தாள்.

"வேண்டாமுங்க அத்தை! அசையாமப் போயிரும்!"

"இது உங்கொழந்தை புள்ள. அவளுக்கு ஏது பாத்தியதை?"

புகை அடங்கும் முன்னரே யோகப்பிரியாவுக்கு இடுப்பு வலி கண்டது. ஆட்டோவில் செல்லும் வழியெல்லாம் வயிறு கல்லைப் போலக் கிடந்தது. அன்றிரவு, நாட்கள் நிறையுமுன்பே, பெண் குழந்தை பிறந்தது.

அது அழுதது.

தாயும் அழுதாள். பழைய வேட்டியில் சுற்றப்பட்ட குழந்தையுடன் அவர்கள் அவ்வீட்டிற்குத் திரும்பவில்லை. பழனாத்தாளின் வீட்டிலேயே தங்கினர். எட்டு நாட்கள் எக்குறையுமின்றிக் கழிந்தன.

ஒன்பதாம் நாள் பிற்பகல். நான்கு மணி நேரமாகக் குழந்தை உறங்கியதால் யோகப்பிரியா பாலூட்டியிருக்கவில்லை. மார்பு கனத்து வலித்தது. குளித்துவிட்டு வந்து, தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து மார்போடு அணைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பசிக்கலயா கண்ணு?"

"பசிக்காம இருக்குமா?" என்றாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பழனாத்தாள். "நீ குளிக்கப் போனப்ப சிணுங்குச்சு. எந்திரிக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள நீ வந்து அமத்திட்டயேன்னு உக்காந்துட்டேன்."

"நான் இப்பத்தானுங்க அத்தை வரேன்."

பழனாத்தாளின் கை கீரையிலேயே நின்றது.

குழந்தை நிறைவாக ஓர் ஏப்பம் விட்டது. அதன் கடைவாயிலிருந்து வழிந்த பால், யோகப்பிரியாவின் மணிக்கட்டில் வெதுவெதுப்பாக இறங்கியது.