இரண்டாவது மணி

மடத்துக் கோயில் ஆர்கனின் வாசிப்புக் கட்டைகளில் படிந்திருந்த மரத்தூளைத் துடைக்கத்தான் சென்சி துணியை வைத்தாள். மேலே எங்கோ ஒரு குழாய் மெல்ல ஊதியது.

ஊதட்டும், அதற்குத்தானே இருக்கிறது என்று அடுத்த கட்டைக்குப் போனாள். அதுவும் ஊதியது. மூன்றாவதில்தான் கை நின்றது. ஆர்கன் பாட வேண்டுமென்றால் காற்று வேண்டும். காற்று வர வேண்டுமென்றால், பின்னால் கோபுரத்துக்குள் இருக்கும் துருத்தி அறையில் ஓர் ஆள் நின்று மிதிமரங்களை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஆதியில் இருந்தபடியே வேண்டும் என்று மடத்தில் கேட்டதால், மின்மோட்டாரை அவளும் அவள் கணவன் வின்சென்ஸும்தான் கழற்றி வெளியே போட்டிருந்தார்கள். அவன்தான் மேலே மிதிக்கிறானோ என்று அவளுக்குப் பகீரென்றது. வசந்தத்தில் அவன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், மாடிப்படி ஏறுவதையே குறைக்கச் சொல்லியிருந்தார்.

"வின்சென்ஸ்! எறங்கு கீழ!"

"கீழதான் இருக்கேன்." கோயில் வாசலில் காகிதப் பொட்டலத்தோடு நின்றான். சூடான இறைச்சி வைத்த ரொட்டியின் வாசனை ஆர்கன் இருந்த மேல்மாடம் வரைக்கும் வந்தது.

"அப்ப யாரு மிதிக்கிறா?"

"ஒன் வயித்துல பசிதான் மிதிக்குது. வந்து தின்னு."

"டாக்டர் ஒனக்கு இதெல்லாம் கூடாதுன்னாரே."

"டாக்டரு தொல்ல இல்லன்னு இங்க வந்தேன். நீ வந்து நிக்கிற."

துருத்தியில் மிச்சக் காற்று தங்கியிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை. காலையிலிருந்து யாரும் மிதிக்கவில்லை, மிதிப்பது நின்றால் நிரம்பிய துருத்தியும் கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும். இத்தனை வருஷம் ஆர்கன்களைப் பிரித்து மாட்டியவளுக்கு இது தெரியாதா என்ன?

ரொட்டியைத் தின்றுவிட்டுத் துருத்திக்குத் தோல் ஒட்ட மேலே போனார்கள். சுரம் பார்க்கும்போது அவர்களுக்கு மிதித்துக்கொடுக்கிற மடத்துத் துறவி பிரதர் பிளாசிடுஸ் அங்கே ஏற்கெனவே வந்து, துருத்தி மேலேயே சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டுத் தோலும் காய்ச்சிய வஜ்ரப் பசையும் மணக்கிற அறை அது. இன்று அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நனைந்த கம்பளி, நாள்பட்ட வியர்வை. போன வாரம் அவளே இழைத்து மாட்டிய புது மிதிமரத்தின் நடுவில் ஒரு குதிகால் அளவுக்குத் தேய்ந்து கறுத்திருந்தது.

சுவரில் கணுக்கால் உயரத்தில் இரும்பு வளையம் ஒன்று. சங்கிலி இன்னும் தொங்கியது.

"இது எதுக்கு பிரதர்?"

"அதுவா? அந்தக் காலத்துல இங்க மிதிச்ச பார்ட்லுக்கு. மடத்துல எடுத்து வளத்த புள்ள, கொஞ்சம் மந்தம். பிரசங்கம் ஆரம்பிச்சா பீர் கடைக்கு ஓடிருவானாம். அதான் கால்ல பூட்டு." பிளாசிடுஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "அரசாங்கம் மடத்த மூடுன அன்னைக்கு, பூசை நடுவுலயே ஆளுங்க உள்ள வந்துட்டாங்க. ஆர்கன் வாசிச்சுக்கிட்டிருந்த சாமியாரு எந்திரிச்சு ஓடிட்டாரு. ரெண்டாவது மணி அடிக்கவே இல்ல. கோயிலப் பூட்டி முத்திர வச்சாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடுத்த வசந்தத்துலதான் தெறந்தாங்க. கால்ல பூட்டோட இங்கயே செத்துக் கெடந்தான். இப்பவும் இங்க எவனாவது ஓயாம வேல பாத்தா, பாவம், இவனுக்கு இன்னும் மணி அடிக்கலன்னு சொல்லுவோம்."

வின்சென்ஸும் சிரித்தான். சென்சி கீழே இருக்கும் மணிக் குமிழை நினைத்தாள். வாசிக்கிறவர் கைக்கு இடப்பக்கம் கொம்பில் செய்த ஒரு குமிழ் உண்டு. இழுத்தால் இந்த அறையில் சின்ன மணி அடிக்கும். ஒரு முறை அடித்தால், மிதி. இரண்டு முறை அடித்தால், போதும், இறங்கு. ஒருவரையொருவர் பார்க்க முடியாத அந்த இருவருக்கும் பேச்சே அவ்வளவுதான். பல வருஷமாக அறுந்து கிடந்த கம்பியை நேற்று மறுபடி பூட்டியவள் அவள்தான். அடிக்கிறதா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்தாள். மேலே ஆள் இல்லை, அதனால் இரண்டாவது மணி அவள் நினைவுக்கே வரவில்லை.

நவம்பர் மாத வெளிச்சம் நாலு மணிக்கே செத்துவிடும். பிளாசிடுஸ் மாலைச் செபத்துக்குப் போய்விட்டார். வின்சென்ஸ் கீழே வண்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான். சென்சி கட்டைகளுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவருக்குப் பின்னாலிருந்து மரம் முனகித் தாழ்கிற சத்தமும், துருத்தி நீளமாகப் பெருமூச்சு விட்டு இறங்குகிற சத்தமும், அவற்றுக்கு நடுவே கல் தரையில் சங்கிலி இழுபடுகிற சத்தமும், எல்லாவற்றுக்கும் அடியில் மூக்கு அடைத்த ஒருவன் வாயால் மூச்சு வாங்குகிற சத்தமும் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. அவள் ஒரு கட்டையை அழுத்தினாள். மேலே கால்கள் வேகமெடுத்தன. விட்டாள். மெதுவாயின. அவள் கேட்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் அங்கே ஒருவன் ஓடுகிறான். அது புரிந்த பிறகும் அவள் கை சும்மா இருக்கவில்லை. நிஜம்தானா என்று பார்க்க இன்னொரு முறை அழுத்தினாள். அப்புறம் இன்னொரு முறை.

பிறகு அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. கண்ணீர் முட்ட, குமிழைப் பிடித்து இரண்டு முறை இழுத்தாள்.

மேலே எல்லாம் நின்றது. சங்கிலி கழன்று விழுந்தது. இனி ஒருவனும் அங்கே மிதிக்க வேண்டாம் என்று அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

"சென்சி..." துருத்தி அறையிலிருந்து வின்சென்ஸின் குரல். "வஜ்ரச் சட்டிய எடுக்க வந்தேன். கதவ ஏன் சாத்துன?"

அவள் சாத்தவில்லை.

எழுந்து ஓடினாள். சுழல்படியில் இருட்டு. பாதி ஏறும்போது ஒன்று அவளை உரசிக்கொண்டு கீழே போனது. நனைந்த கம்பளி. வெறுங்கால்.

கதவு அசையவில்லை. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். மிதிமரத்தின் மேல் வின்சென்ஸ். கணுக்காலில் சங்கிலி. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது.

"நிறுத்து! வின்சென்ஸ், நிறுத்து!"

"கால் நிக்க மாட்டேங்குது." ஒரு மிதி. இன்னொரு மிதி. "நெஞ்சு வலிக்குது சென்சி. மணி அடி. ரெண்டு தடவ அடி."

இறங்கினாள். விழுந்தாள். எழுந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த பலகையில் அவன் இருந்தான். பெரிய முதுகு. தொங்கிய கால்களில் ஒன்றில் எலும்பு வரை சதையில்லை. இத்தனை காலமும் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றவன், இந்தப் பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறான். கட்டைகளை வாஞ்சையோடு தடவினான். பிறகு வலது கையை முழங்கை வரை அவற்றின் மேல் சாய்த்தான்.

ஆர்கன் அலறியது. அத்தனை குழாய்களும். அத்தனை காற்றும்.

மேலே கால்கள் ஓடின. தடுக்கின. மறுபடி ஓடின.

அவன் இடது கை குமிழை மூடியிருந்தது. சென்சி அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பல்லால் கடித்தாள். ஒரு விரல்கூட அசையவில்லை.

"அடிப்பா," என்று கெஞ்சினாள். "ஒனக்கு நான் அடிச்சேன்ல? ரெண்டு தடவ. அவருக்கும் அடி."

பார்ட்ல் திரும்பினான். அவள் வாயையே உற்றுப் பார்த்தான். புரிந்துகொண்டவன்போலத் தலையாட்டினான்.

குமிழை இழுத்தான். மேலே மணி ஒரு முறை அடித்தது.

அவள் இரண்டாவது மணிக்காகக் காத்திருந்தாள்.

அவன் சிரித்துக்கொண்டே, கையைக் குமிழிலிருந்து எடுக்காமல், அவள் உட்காரப் பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.