சட்டம் வருவதற்கு முன்னால்

ட்ரூடியின் அப்பா தோர்சனிடம் “இதைச் செய்” என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், செய்ய நினைத்திருந்ததைக்கூடச் செய்ய மாட்டார். குடை எடுத்துப் போங்கள் என்று வானொலி சொன்னதற்காகவே நனைந்துகொண்டு வீடு திரும்புவார். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அவருடைய மாடுகளுக்கும் தெரிந்திருக்கலாம்.

அதனால்தான் பள்ளிப் பேருந்தில் ட்ரூடி சொன்ன செய்தி அவளுடைய தோழி ஆனிகாவுக்குக் கவலை தந்தது.

“நம்ம மாநிலத் தலைநகர் மேடிசன்ல புதுசா சட்டம் கொண்டுவரப் போறாங்களாம். இதுவரைக்கும் அப்பா ‘எனக்கு இஷ்டமில்ல’ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும், தடுப்பூசி போடாமயே நான் ஸ்கூலுக்கு வரலாம். இனிமே அது செல்லாதாம்.”

“அப்ப போட்டுக்கோயேன்.”

“அப்பா விடமாட்டார். ‘மேடிசன்காரன் யாரு எனக்குச் சொல்ல’ன்னு குதிக்கிறார். சட்டம் வந்துட்டா என்னை வீட்லயே வச்சுப் பாடம் சொல்லிக் குடுப்பாராம்.”

“உங்கப்பாவா? அவருக்கு வகுத்தல் கணக்கே நீதானடி சொல்லிக் குடுத்த?”

ட்ரூடி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் வகுப்பிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். ட்ரூடி இல்லாத வகுப்பை நினைத்ததும் ஆனிகாவுக்கு அழுகை வந்தது. போதாததற்குப் பக்கத்து ஊரில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அது ட்ரூடிக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

சனிக்கிழமை காலை ஆனிகா தோர்சன் பண்ணைக்குப் போனாள். கொட்டகையில் அவர் கன்றுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ட்ரூடி வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சும்மா நிக்காத. அந்தக் கன்னுக்குட்டியப் பிடி” என்றார்.

ஆனிகா கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது அவளுடைய சட்டைக் கையைச் சப்பத் தொடங்கியது.

“எதுக்கு ஊசி, மிஸ்டர் தோர்சன்?”

“சளிக்காய்ச்சல் வராம இருக்கத்தான். ஒரு கன்னுக்கு வந்தா கொட்டகை முழுக்கப் பரவிடும்.”

“போடச் சொல்லி மேடிசன்லேருந்து சொன்னாங்களா?”

“என் கன்னுக்குட்டிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? அவங்க எதுக்குச் சொல்லணும்?”

“அப்ப ஊசி கெட்டது இல்ல?”

“கெட்டதுன்னு நான் எப்பச் சொன்னேன்? என்னை அதட்டினாத்தான் பிடிக்காது.”

‘அப்படியானால் ட்ரூடிக்கும் போடுங்கள்’ என்ற பேச்சு ஆனிகாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் காரியமே கெட்டுவிடும். அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

“அந்தச் சட்டம் வந்துடுச்சா?”

“எங்க வந்துச்சு? வர்ற வியாழக்கிழமைதான் மேடிசன்ல எல்லாரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேக்கறாங்க. யார் வேணும்னாலும் போய் மூணு நிமிஷம் பேசலாம். வேண்டாம்னு சொல்ல நான் போறேன்.”

“பாவம், மிஸ்டர் தோர்சன்.”

“யாரு பாவம்?”

“நீங்கதான். சட்டம் வந்தப்புறம் ட்ரூடிக்கு ஊசி போட்டீங்கன்னா, மேடிசன்காரங்களுக்குப் பயந்து போட்டார்னு ஊரே பேசும். இப்ப போட்டா யாரும் அப்படிப் பேச முடியாதே.”

தோர்சன் தாடியைச் சொறிந்தார். ஆனிகாவைப் பார்த்தார். பிறகு கன்றைப் பார்த்தார்.

“அடுத்ததப் பிடி” என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம்தான் ட்ரூடி வகுப்புக்கு வந்தாள். அவள் கையில் டைனோசர் படம் போட்ட பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“பால் கறந்த கையோட என்னைக் கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போயிட்டார். ‘சீக்கிரம் வா, சீக்கிரம் வா’ன்னு ஒரே அவசரம். சட்டம் பின்னாலயே துரத்திட்டு வர்ற மாதிரி. மிச்ச ஊசிக்கும் இன்னிக்கே நாள் குறிச்சிட்டார்.”

வியாழக்கிழமை தோர்சன் கோட்டு போட்டுக்கொண்டு மேடிசனுக்குக் கிளம்பினார். சிறுமிகளையும் கூட்டிப் போனார். பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம், இந்தச் சட்டம் வேண்டவே வேண்டாம் என்று மூன்று நிமிடமும் மூச்சு விடாமல் பேசினார்.

மேசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: “உங்க பொண்ணுக்கு ஊசி போட்டாச்சா?”

“போட்டாச்சு. செவ்வாய்க்கிழமை.”

“அப்புறம் இந்தச் சட்டத்தால உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“நீங்க சொல்லி நான் போடல. அதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். யார் சொல்லியும் போடல. நானா யோசிச்சுப் போட்டேன்.”

பின் வரிசையில் ட்ரூடி சட்டென்று ஆனிகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனிகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ட்ரூடி பள்ளிக்கு வருவாள். அவள் குனிந்து ட்ரூடியின் காதில் சொன்னாள்:

“ஆமாடி, அவரேதான் யோசிச்சார்.”