சங்கரலிங்கத்தின் பதிலி

தாமிரபரணிக் கரைத் துணைவாழ் இல்லத்தில் இருக்கும் எல்லோர் கழுத்திலும் ஒரு பதிலி உண்டு. தீப்பெட்டி அளவில் வெள்ளையான கருவி. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் வாய் குழறிச் சிரமப்படக் கூடாது என்று நலவாரியம் பெருங்கருணையோடு மாட்டிவிட்டது. நாடியையும் அசைவையும் பார்த்து, மனதில் இருப்பதை அதுவே சொல்லிவிடுமாம். வாரம் ஒருமுறை அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவது சமூகச் செவிலி பிலோமியின் வேலை. பூட்டு அவள் கட்டைவிரலுக்கு மட்டும்தான் திறக்கும்.

அன்று காலை சங்கரலிங்கத்தின் பதிலியைக் கழற்றியதும் அவர் அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார். போன வாரமும் இதையேதான் செய்தார். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இப்போது தோளிலிருந்து நழுவியது. பக்கத்தில் இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

பிலோமி பதிலியை மாட்டினாள். அது உடனே செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தது. "வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உணவுக் கட்டுப்பாட்டை மகிழ்ச்சியோடு கடைப்பிடிக்கிறேன்."

"வயிறு வலிக்கா, அண்ணாச்சி?"

"இல்லை. விசாரித்ததற்கு நன்றி."

பிடுங்கி ஆற்றில் வீசலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் கழுத்தில் இருப்பது சொல்வதுதான் ஆள் சொல்வது, சட்டம் அப்படி. ஆளின் சொந்த வாயிலிருந்து வருவதற்கு 'மூல ஒலி' என்று பெயர் வைத்து, ஊழியர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். பதிலி வலி என்று சொல்லாமல் ஸ்கேன் கிடையாது. வாரிய அதிகாரி வாய்மொழியாக அனுமதி கொடுத்தால் உண்டு. அந்த அதிகாரி டென்சிங். அவர் அன்று இல்லத்துக்கு வருவதே, உடல் எடையைக் குறைத்ததற்காகச் சங்கரலிங்கத்துக்கு 'நலவீரர்' பட்டம் கொடுக்கத்தான்.

பந்தல், மாலை, மைக் எல்லாம் தயாராக இருந்தன. சங்கரலிங்கத்தின் அக்கா கோமதி பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டென்சிங் மேடையேறும் முன் பிலோமி அவரை மறித்தாள்.

"சார், அவர் மெலியல, உருகுதார். வயித்துல என்னமோ இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக அனுமதி குடுங்க."

"அவரே நல்லா இருக்கேன்னு சொல்லுதாரு. உங்களுக்கு என்னம்மா வந்துச்சு? மாநிலத்துலயே நம்ம இல்லம்தான் முதல். விழாவைக் கெடுக்காதீங்க."

பிலோமி கோமதியிடம் போனாள். "அக்கா, தம்பி தட்டைக் கவுத்து வச்சிருக்காரு. என்ன அர்த்தம்?"

கோமதியின் முகம் சட்டென்று சுருங்கியது. "சின்னதுல வயித்து வலி வந்தா அப்படித்தான் கமுத்துவான். ஆனா போன ஞாயித்துக்கிழமை எங்கிட்ட எவ்ளோ அழகா பேசினான், சிஸ்டர். அன்புச் சகோதரின்னான். நடைப்பயிற்சி போகச் சொன்னான்."

"அது அவர் பேசல."

மேடையில் டென்சிங் சங்கரலிங்கத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு, மன உறுதி என்றால் என்னவென்று ஊருக்கே விளக்கிக்கொண்டிருந்தார். மன உறுதியின் உருவம் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோணலாக நின்றது. பிலோமிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மேடையேறினாள். சங்கரலிங்கத்தின் கழுத்திலிருந்து பதிலியைக் கழற்றி, டென்சிங்கின் கழுத்தில் கிடந்த வரவேற்பு மாலைக்கு மேல் மாட்டிப் பூட்டினாள்.

"ஏய், என்ன பண்ணுத? கழத்து இத!" டென்சிங் கத்தினார்.

"வணக்கம்," என்றது பதிலி, அவர் குரலுக்கு மேல் குரல் ஏற்றி. "நான் நலமாக இருக்கிறேன்."

"உன் வேலையக் காலி பண்ணிருவேன்!"

"எனக்கு யார் மீதும் கோபமில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்தால் போதும்."

முன்வரிசை கைதட்டியது. தட்டித்தானே அவர்களுக்குப் பழக்கம்.

பிலோமி மைக்கைப் பதிலியின் பக்கம் திருப்பினாள். "சார், சங்கரலிங்கத்தை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போக அனுமதி உண்டா?"

"கிடையாது! கிடையவே கிடையாது!"

"மகிழ்ச்சியோடு அனுமதிக்கிறேன். எல்லோரும் நலம்பெற வேண்டும்."

இல்ல மேலாளர் ஓடிவந்தார். அதிகாரியின் சிவந்த முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பயிற்சி வகுப்பில் தானே சொல்லிக்கொடுத்த சட்டம் அவருக்கு மறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டார். டென்சிங்கின் மூல ஒலி வாசல்வரை கேட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டியில் கோமதி தம்பியின் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். பதிலியின் பட்டை அழுத்திய இடம் வெளுத்திருந்தது. பாலத்தைத் தாண்டும்போது அவர் அவள் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"கோமு."

கோமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இந்தப் பேரச் சொல்லி எத்தன வருஷமாச்சு, சிஸ்டர். அந்தப் பெட்டிக்கு இந்தப் பேரு தெரியாது. அது இனிக்க இனிக்கப் பேசுதேன்னு நானும் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இவன் பக்கமே திரும்பல."

பிலோமி அவளைத் தேற்றவில்லை. தேற்ற மனமும் வரவில்லை.

மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரர் தலை தூக்காமலே கேட்டார். "யாருக்கு வலி?" பிறகு வழக்கப்படி ஒவ்வொருவர் கழுத்தாகப் பார்த்தார். "பதிலி எங்கே? அது இல்லாம எப்படிப் பதியறது?"

பிலோமி வாயெடுப்பதற்குள் சங்கரலிங்கம் மேசையில் கையூன்றி நிமிர்ந்தார்.

"எனக்கு," என்றார்.