417-ஆம் எண் சான்றிதழ்

திங்கட்கிழமை காலை சர்வேயரின் அலுவலகப் படிகளில் ஏறியபோது, கையிலிருந்த கடிதத்தை அவள் ஏழாவது முறையாகப் படித்திருந்தாள். எத்தனை முறை படித்தாலும் அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கிடங்குகளையும் இடிந்த சுவர்களையும் அளந்து பார்த்தவர் சர்வேயர். ஓய்வுக்குப் பிறகு தனியாகத் துப்பறிகிறார். யாராவது பதற்றத்தோடு வந்தால் முதலில் மின்விசிறியைப் போட்டுவிட்டு, அவர்கள் மூச்சு சீராகும்வரை காத்திருப்பார். பக்கத்து நாற்காலியில் நோட்டும் கையுமாக இருந்தவள் பட்டாசு. முன்பு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவள். பாதி கேட்டவுடனே முழுத் தீர்ப்பும் சொல்லிவிடுவதால் அந்தப் பெயர்.

"நான் தரை ஆய்வாளர் சார்," என்று ஆரம்பித்தாள் வந்தவள். "கான்கிரீட் நல்லா காயறதுக்கு முன்னாடி மேல மரப்பலகை ஒட்டிட்டா, உள்ள இருக்கிற ஈரம் பலகையை உப்ப வச்சுடும். அதனால கான்கிரீட்ல ஓட்டை போட்டு, ஒருநாள் முழுக்க விட்டு, மீட்டரை உள்ள இறக்கிப் பாப்போம். ஈரப்பதம் எழுபத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழ இருந்தா பலகை ஒட்டலாம்னு எழுதிக் கொடுப்போம்."

"சரி. இப்ப எந்தத் தரை உப்பிடுச்சு?"

மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவள் சொன்னாள். ஒரு மருத்துவ மையத்தின் மாடியில் நடைப்பயிற்சிக் கூடம். பக்கவாதத்திலிருந்து மீண்டு மறுபடி நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு தையற்காரம்மா, தூக்கிக்கொண்டு நின்ற பலகையில் இடறி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மையத்தார் தரைச் சோதனைக் கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். மே பன்னிரண்டாம் தேதி ஓட்டை, பதின்மூன்றாம் தேதி அளவு, எழுபத்தொன்று. கீழே முத்திரை, கையெழுத்து, சான்றிதழ் எண் 417.

"என் நம்பர். மீட்டரும் என்னோடதுதான். காவல்காரர் என் போட்டோவைப் பாத்து, 'இந்தம்மாதான் வந்தாங்க'ன்னு சொல்லிட்டார். ஆனா சார், அந்தக் கூடத்துக்குள்ள நான் காலடி எடுத்து வச்சதே இல்ல. அந்த ரெண்டு நாளும் காய்ச்சல்ல வீட்டுல படுத்துக் கிடந்தேன்."

வெள்ளிக்கிழமை சான்றிதழ் வாரியத்தின் விசாரணை என்றது கையிலிருந்த கடிதம். குற்றம் நிரூபணமானால் இருபத்திரண்டு வருட உழைப்பு போய்விடும்.

"முத்திரை யார் யார் கையில கிடைக்கும்?"

"அலுவலகத்துல நாங்க மூணு பேர்தான். நான், என் அக்கா, என் வீட்டுக்காரர். அக்காவும் தரை ஆய்வாளர். ரெண்டு பேரும் ஒரே வருஷம் பரீட்சை எழுதினோம். ரிப்போர்ட் டைப் பண்றது வீட்டுக்காரர். ஸ்கேன் பண்ணின என் கையெழுத்து அவர் கம்ப்யூட்டர்ல இருக்கு."

பட்டாசு நோட்டைப் படக்கென்று மூடினாள். "வீட்டுக்காரர்தான்! தரை போட்ட கான்ட்ராக்டர் அவசரப்படுத்தியிருப்பான், இவர் உட்கார்ந்த இடத்துலயே ஒரு நம்பரைத் தட்டி விட்டிருப்பார்."

வந்தவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாகத் தன் மனசின் மூலையில் ஒளிந்து கிடந்த சந்தேகத்தை யாரோ நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டதுபோல் இருந்தது. நேற்று இரவு கணவர் பரிமாறியபோது அவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க அக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"அவதான் எனக்கு ஒரே ஆறுதல். 'சண்டை போடாதே, கவனக்குறைவா நடந்துடுச்சுன்னு ஒப்புத்துக்கோ, ஆறு மாசத் தடையோட விட்டுடுவாங்க, அதுவரைக்கும் வேலையை நான் பாத்துக்கறேன்'னு சொல்றா."

சர்வேயர் கூடத்தின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் மூவரும் அந்தக் கூடத்துக்குப் போனார்கள். மூடப்பட்ட கூடத்தில் கைப்பிடிக் கம்பிகள் வரிசையாக நின்றன. வாரியத்தார் காகிதத்தைத்தான் பார்த்திருந்தார்கள். பலகையை யாரும் பெயர்க்கவில்லை. சர்வேயர் அனுமதி வாங்கிப் பெயர்க்கச் சொன்னார். பசை நைந்து போய், ஈர வாடையோடு பலகைகள் வந்தன. கீழே கான்கிரீட்டில் சிமென்ட் பூசி அடைத்த ஐந்து வட்டங்கள்.

"அப்ப நிஜமாவே யாரோ வந்து ஓட்டை போட்டிருக்காங்க!" என்றாள் பட்டாசு, தன் தீர்ப்பு கொஞ்சம் ஆட்டம் கண்ட வருத்தத்தோடு.

அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய இரும்பு ஸ்கேலை இறக்கினார் சர்வேயர். இரண்டு சென்டிமீட்டர். அடுத்ததும் இரண்டு. ஐந்துமே இரண்டு, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பத்து சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்கு நாலு இறங்கணும் சார்," என்றாள் தங்கை. "மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சுடும், ஈரம் அடியிலதான் நிக்கும். ரெண்டுல பாத்தா அளவு குறைச்சலாத்தான் காட்டும். யாரோ விஷயம் தெரியாதவன் செஞ்ச வேலை."

"ரெண்டுங்கற அளவு எங்கயாவது சரியா இருக்குமா?"

"இருக்கும். மேலயும் கீழயும் காத்து படற மாடித் தளத்துக்கு ரெண்டு போதும். ஆனா இங்க அடியில தகடு இருக்கே." கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய், அலங்காரக் கூரையின் ஒரு சதுரத்தை நகர்த்திக் காட்டினாள். கான்கிரீட்டைத் தாங்கிக்கொண்டு நெளிநெளியான இரும்புத் தகடு. "தகடு வழியா ஈரம் எப்படி வெளியேறும்? முன்னாடியெல்லாம் நாங்களும் மாடின்னா ரெண்டுன்னு கண்ணை மூடிக்கிட்டுப் போடுவோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி, சான்றிதழைப் புதுப்பிக்கிறப்போ செய்முறைப் பயிற்சியில இதைச் சொல்லிக் கொடுத்தாங்க. எழுத்துத் தேர்வுல தேறினவங்களைத்தான் அந்தப் பயிற்சிக்கே விடுவாங்க. நான் முதல் பேட்ச், அக்கா அடுத்தது."

வாசலில் காவல்காரர் ஒரு தகவல் சொன்னார். "ஹெல்மெட்டும் தூசி மாஸ்க்கும் போட்டிருந்தாங்க. கண்ணும் குரலும் இவங்களேதான். அப்பக் கீழ்த்தளத்துக்கு அலங்காரக் கூரை போடல. டார்ச் அடிச்சு அண்ணாந்து பாத்துட்டு, ஏதோ எழுதிக்கிட்டு, அப்புறம்தான் மேல ஏறினாங்க."

புதன்கிழமை சர்வேயர் எங்கோ தனியாகப் போய்வந்தார். வியாழக்கிழமை மாலை எல்லாரையும் அதே கூடத்துக்கு வரச் சொன்னார்.

கான்ட்ராக்டர் வந்து ஜன்னலோரம் முறைப்பாக நின்றார். அவள் கணவர் வந்து ஓரமாக உட்கார்ந்தார். மனைவி தன்னைச் சந்தேகிக்கிறாள் என்று தெரிந்துவிட்ட மனிதரின் முகம் அது. கடைசியாக அக்கா வந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வயது வித்தியாசம், ஆனால் போனில் பேசினால் வீட்டாருக்கே குழம்பும்படி ஒரே குரல். பெயர்த்த இடம் முழுவதும் துணியால் மூடிக் கிடந்தது.

"பொய் ரிப்போர்ட் வேணும்னா டைப் பண்ற ஒருத்தர் போதும்," என்றார் சர்வேயர். "உங்க வீட்டுக்காரரோ கான்ட்ராக்டரோ நினைச்சிருந்தா ஒரு நம்பரைப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. அஞ்சு ஓட்டை போட்டு, ஒரு நாள் காத்திருந்து, மறுபடி வந்து அளந்திருக்க மாட்டாங்க."

பிறகு பணிவான குரலில் அக்காவின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு உங்க தங்கைக்காக ஒரு நிபுணர் பேசினா நல்லது. நீங்களே சொல்லுங்க. இந்தக் கூடத்துல ஓட்டை எவ்வளவு ஆழம் போடணும்?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பத்து சென்டிமீட்டர், மாடித் தளம். அடியிலயும் காத்து படுது. அதனால ரெண்டு. அந்தச் சோதனையில எந்தத் தப்பும் இல்ல சார். பைப் ஏதாவது கசிஞ்சிருக்கும்."

அக்காவின் கை இன்னும் தங்கையின் கைமேல்தான் இருந்தது. ஆனால் அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரிவதற்கு முன்னால், சர்வேயர் துணியை விலக்குவதற்கு முன்னால், அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகத் தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டேதான் இருக்கு," என்றார் சர்வேயர், துணியை விலக்கி. "விஷயம் தெரியாதவங்க போட்டிருந்தா ஒவ்வொண்ணும் ஒரு ஆழத்துல இருக்கும். இது விதி தெரிஞ்ச கை. கீழ போய் அண்ணாந்து பாத்துட்டுப் போட்ட கை. ஆனா தகடு இருந்தா கணக்கு மாறும்னு அந்தக் கைக்குத் தெரியல. அப்படின்னா முன்னாடி நல்லாப் படிச்சு, செய்முறைப் பயிற்சிக்குப் போகாத ஒருத்தர். நேத்து வாரியத்துப் பதிவேட்டைப் பாத்தேன். உங்க அக்கா எழுத்துத் தேர்வுல ரெண்டு தடவை தேறல. அவங்க சான்றிதழ் காலாவதியாகி மூணு வருஷமாகுது."

பட்டாசு நோட்டைப் புரட்டி, திங்கட்கிழமை சொன்ன தன் தீர்ப்பை அடித்தாள். 

"எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் அக்கா, தங்கையைப் பார்க்காமல். "நீ முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிட்டு இனிப்பு வாங்கிட்டு வந்தே. நானும் பாஸ்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் அதுலேர்ந்து இறங்கி வரவே முடியல. வந்த வேலையை உன் நம்பர்ல செஞ்சேன், ரிப்போர்ட்டையும் உன் வீட்டுக்காரர் இல்லாத நேரத்துல அவர் கம்ப்யூட்டர்ல நானே டைப் பண்ணினேன். ஒழுங்காத்தான் செஞ்சேன். ஒரு இடத்துலயும் ஏமாத்தல."

"எத்தனை இடம்?" என்று கேட்டாள் தங்கை.

"இது போக முப்பத்தொண்ணு."

கான்ட்ராக்டர் அடங்கிய குரலில் ஏதோ திட்டினார். தங்கையின் காதில் அது விழவில்லை.

"அந்தம்மா விழுந்து இடுப்பு உடைஞ்சப்பறமும் நீ வாயைத் திறக்கல. என்னை ஒப்புத்துக்கச் சொன்னே. ஏன்க்கா?"

அக்கா பெயர்த்த தரையைப் பார்த்தாள். "நீ தாங்கிடுவே," என்றாள். "சின்ன வயசுலேர்ந்து நீ எதையும் தாங்கிடுவே. என்னால முடியாதுன்னு தோணிச்சு."

காய்ச்சல் அடித்த அந்த இரண்டு நாளும் அக்காதான் போன் செய்து, "எழுந்திருக்காதே, தூங்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைப் பாசம் என்று நம்பிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டது நினைவுக்கு வந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கணவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தொடவில்லை. தொடும் உரிமை இப்போது தனக்கு உண்டா என்று யோசிப்பதுபோல் நின்றார். "உங்களைப் போய் நினைச்சுட்டேன்," என்றாள். அவர் கைக்குட்டையை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை வாரியம், நிறுத்திவைத்திருந்த அவள் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே அந்த முப்பத்தொரு விலாசங்களையும் கொடுத்தது. எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். தானே செய்வதாக எழுதிக் கொடுத்தாள். ஏழு வாரம் ஆயிற்று. இருபத்தேழு இடங்களில் வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது. அக்கா சொன்னது பொய்யில்லை. தகடு வைத்த மாடிகள் நான்கு. அதில் இரண்டைப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஒன்று குழந்தைகள் காப்பகம். அங்கே ஓட்டைக்குள் மீட்டரை இறக்கிவிட்டு, எண் ஏறுவதைப் பார்த்தபடி வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தபாலில் ஒரு படிவம் வந்தது. தேர்வுக்கு மறுபடி விண்ணப்பித்திருந்தாள் அக்கா. சான்றிதழ் பெற்ற ஆய்வாளர் ஒருவரின் பரிந்துரை தேவை. கடிதம் எதுவும் இல்லை. விண்ணப்பதாரரை எத்தனை காலமாகத் தெரியும் என்ற கேள்விக்கு, "பிறந்ததிலிருந்து" என்று எழுதினாள் தங்கை. தொழில் திறமைக்கு, "நன்று. செய்முறைப் பயிற்சி தேவை" என்று எழுதினாள். நம்பகத்தன்மை என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நகரவில்லை.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி அனுப்பினாள்.