பெடல் இறங்குது

பட்டறையில் என் பெயர் பெடல். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருக்கிறது. பிரேக் பெடலில் ஒருதரம் காலை வைத்தால் வண்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவான் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஒரு காலத்தில் அது உண்மைதான்.

இரண்டு வருடமாக என் வலது காலில் கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சர்க்கரை. டாக்டர் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தே, "தெரியுது" என்றேன். செருப்பு கழன்று போனால்கூடக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பட்டறையில் யாருக்கும் இது தெரியாது. கால் போனது தெரிந்தால் பெயர் போகும், பெயரோடு வேலையும் போகும்.

அந்த வீட்டு வண்டி இரண்டாம் முறையாக வந்தது ஒரு மழை மதியம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டிய வண்டி அது. ஆமை மாதிரி வீட்டைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றலாம். ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒரு அக்கா. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் அதை ஓட்டி வந்தவர் அவர் கணவர். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிடுவார். செருப்புப் போட்டால் பெடல் பேசுவது கேட்காதாம். அன்று அவர் சொன்ன புகார் ஒன்றே ஒன்றுதான்.

"பெடல் இறங்குது தம்பி. சிக்னல்ல லேசா மிதிச்சுக்கிட்டு நின்னா, மெதுவா நழுவி இறங்குது."

நான் ஏறி ஓங்கி மிதித்தேன். அசையாமல் நின்றது.

"அண்ணே, நீங்க இத்தனை வருஷம் மிதிச்சது காத்து பிரேக். அதுல கால் எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு பிரேக். இது எண்ணெய் பிரேக். இதுல தூரம் இல்ல, அழுத்தம்தான். வீட்டு வண்டி ஒவ்வொண்ணுக்கும் பெடல் ஒவ்வொரு மாதிரி இருக்கும். தொட்டியில தண்ணி ரொப்பிட்டா இன்னும் கொஞ்சம் மாறும். போகப்போகப் பழகிடும்."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் வினை. பெடலுக்குப் பின்னாலிருக்கிற சிலிண்டரில் ரப்பர் தேய்ந்துபோயிருந்தால், ஓங்கி மிதிக்கும்போது பெடல் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். லேசாக மிதித்துக் காத்திருந்தால்தான் நழுவும். லேசாக மிதிக்கக் காலில் உணர்ச்சி வேண்டும். மரத்த காலுக்கு ஓங்கி மிதிக்க மட்டும்தான் தெரியும்.

அவர் ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "நீங்க சொன்னா சரி," என்று கிளம்பிவிட்டார்.

நாலாம் நாள் மலை இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. அவர் தன் பக்கத்தைப் பாறையில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். பின்னால் மேசையருகே உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கை மட்டும் முறிந்தது. அண்ணன் அங்கேயே இறந்துபோனார். செய்தி வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மிச்ச டீயையும் குடித்து முடித்தேன். அழுகை வருமா என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. காலில் இருந்த மரப்பு மேலே ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அக்கா குடையோடு என் முன்னால் நின்றார்.

"முன்பக்கம் முழுக்கப் புதுசு தம்பி. பிரேக்கு, சிலிண்டர், குழாய் எல்லாம் மாத்தியாச்சு. மக மாசமா இருக்கா. நாளைக்குக் காலையில அதே மலை வழியா இறங்கித்தான் அவ வீட்டுக்குப் போகணும். நீங்க ஒருதரம் மிதிச்சுப் பாத்து சரின்னு சொல்லிட்டா தைரியமா போயிடுவேன்."

"ஏதாவது கோளாறு தெரியுதா அக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே யாரோ மிதிச்சுக்கிட்டு இருக்காப்ல இருக்கு." உடனே தலையை ஆட்டிக்கொண்டார். "மனப்பிராந்தியா இருக்கும். அந்த மனுஷன் பஸ் புத்தியில மிதிச்சாரு. நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்கல. நாலு மாசமா அவரைத் திட்டித் தீத்துக்கிட்டிருக்கேன்."

நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

பிரேக் விளக்கைப் பார்க்க அக்காவைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கூரைத் தகரத்தில் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. உள்ளே புது ரெக்சின் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, வெயிலில் நெடுநேரம் உட்கார்ந்து வேலை பார்த்த ஆளின் சட்டை வாடை. பின்னால் ஏதோ ஓர் அலமாரிக் கதவு மெல்லத் திறந்து மூடிக்கொண்டது. வண்டி அசையவில்லை.

காலை வைத்து மிதித்தேன்.

"எரியுதா அக்கா?"

"எரியுது."

காலை எடுத்தேன்.

"இப்போ?"

"எரியுது தம்பி."

என் காலை நான் நம்புவதில்லை. குனிந்து பார்த்தேன். என் கால் கீழே விரிப்பின் மேல் ஓரமாகத்தான் இருந்தது. பெடல் ஒரு அங்குலம் கீழே இருந்தது.

ஸ்பிரிங் சிக்கியிருக்கும் என்று கையை விட்டு இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பெடலின் ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வெறுங்காலால் அதை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்த சூடு.

பிறகு அது இறங்கியது.

என் கைக்கு அடியிலேயே இறங்கியது. அவசரமில்லாமல், நழுவி நழுவி.

தரை வரை.

புஸ்ஸ்ஸ் என்று காற்று விடும் சத்தம் கேட்டது. பஸ்ஸில் பிரேக்கை விடும்போது கேட்கும் அதே சத்தம். இந்த வண்டியில் காற்றுத் தொட்டியே கிடையாது.

"லேசா தம்பி."

காதுக்குப் பக்கத்தில், அண்ணன் குரல்.

"லேசா மிதிங்க."

வேறு யாராக இருந்தாலும் அலறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். எனக்குப் பயம்கூட உறைக்கவில்லை. பயப்பட வேண்டிய இடம் இது என்று புரிந்தது, அவ்வளவுதான். கையை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"அக்கா, அண்ணன் சொன்னதுதான் சரி. அன்னைக்குப் பெடல் இறங்கிச்சு. எனக்குத்தான் தெரியல. இந்தக் கால்ல உணர்ச்சி இல்ல, ரெண்டு வருஷமா."

அக்கா குடையை மடக்கினார். மழை அவர் தலையில் விழுந்தது.

"அப்போ அவரு தப்பா மிதிக்கல?"

"இல்லக்கா."

"இப்பக்கூட அவரைத் திட்டினேன். வாயை மூடிட்டுத்தானே நின்னீங்க?"

அவர் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் ஏதாவது உணர்ந்திருப்பேன்.

"உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க. இனிமே எவன் வண்டியிலயும் காலை வைக்காதீங்க."

"சொல்றேன்கா. இந்த வண்டியை இப்ப எடுக்காதீங்க. நாளைக்கு மலையில..."

"இந்த வண்டியில யாரை நம்பணும்னு இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு," என்றார் அக்கா. ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். காலியாக இருந்த இருக்கைப் பக்கம் திரும்பாமலே, "கோவிச்சுக்காதீங்க," என்று முணுமுணுத்தார். என்னிடம் அவர் அதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் காலை முதலாளியிடம் சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். என்னைக் கண்டதும் அவர் கையை ஆட்டினார். "பெடல், முதல்ல அந்த ஸ்கூல் வேனைப் பாத்து அனுப்பு. பிள்ளைங்களை ஏத்த நேரமாச்சாம்."

அடுக்கி வைத்த வார்த்தைகள் அப்படியே நின்றன. வேனில் ஏறி உட்கார்ந்தேன். பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். கோழைத்தனம் என்பதுதான் சரி.

போன் அடித்தது. அக்கா.

"விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி வந்து சேந்துட்டேன். உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "மலையில ஒரு வளைவுலகூட நான் பிரேக்கை மிதிக்கல. வளைவு வர்றதுக்கு முன்னாடியே வண்டி தானா அடங்குச்சு. என்னைப் பூ மாதிரி கொண்டாந்து கீழ விட்டாரு."

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"சமவெளிக்கு வந்ததும் லேசாயிடுச்சு. இப்ப அது வெறும் பெடல். அவரு இறங்கிட்டாருன்னு நினைக்கிறேன்."

போனை வைத்துவிட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் என் வலது உள்ளங்காலில் பெடல் தெரிந்தது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு. ரப்பரில் இருந்த வரிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ஒரு ஓரம் தேய்ந்து வழவழப்பாக இருந்ததுகூடத் தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதம் லேசாக அழுந்தியது. அவ்வளவு லேசாக நான் வாழ்நாளில் மிதித்ததில்லை. பெடல் நின்றது. காத்திருந்தேன்.

நழுவியது.

மெதுவாக, விடாமல், தரை வரை நழுவியது.

"முதலாளி!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வேனை அனுப்பாதீங்க! பிள்ளைங்களை ஏத்தாதீங்க! பெடல் இறங்குது!"

முதலாளி ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னப்பா சொல்ற? நீ இன்னும் காலையே வைக்கலையே."

நானும் குனிந்தேன். ஷூ போட்ட என் இரண்டு கால்களும் இருக்கையை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெடல் தரையில் படிந்து கிடந்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், அது மேலே வரவில்லை.