கால் கீழே படாத ஆட்டம்

எனக்கு இந்த உலகத்தில் பிடிக்கவே பிடிக்காத சொல் நொண்டி. ரொம்பப் பிடித்த விளையாட்டும் நொண்டி. என்ன செய்வது, என் தலையெழுத்து அப்படி.

விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்ணில் பெரிய கட்டம் போட்டு எல்லோரும் உள்ளே நிற்பார்கள். ஒருவர் மட்டும் ஒற்றைக் காலில் நொண்டியடித்துப் போய் மற்றவர்களைத் தொட வேண்டும். தூக்கிய கால் தரையில் பட்டால் அவுட்.

என் பெயர் லிப்ஸா. ஏழாம் வகுப்பு. அப்பா ஒடிசாவிலிருந்து வந்து கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கு இரும்புப் பட்டை வைத்த உயரமான பூட்ஸ் போட்டுக்கொண்டு போவேன். டக் டக் என்று சத்தம் வரும். நான் வருகிறேன் என்று வகுப்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை, விளையாட்டு ஆசிரியை ரேகா டீச்சர் வந்து, "சனிக்கிழமை சிதம்பரத்துல இருந்து ஒரு ஸ்கூல் வர்றாங்க. நொண்டிக்கு ஆறு பேர் வேணும். நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான், அறிவழகன் கேப்டன் ஆகிவிட்டான். யாரும் அவனைக் கேப்டன் ஆக்கவில்லை. குரல் பெரிய குரல், அதனால் ஆகிவிட்டான். ஆறு பையன்களைப் பொறுக்கினான். ஆறாவது ஆள் ஆசிக். அவன் கையில் மாவுக்கட்டு.

"அவனுக்குக் கை ஒடஞ்சிருக்கேடா" என்றாள் என் தோழி சாய்ரா.

"அவன் ஆம்பளப் பையன், சமாளிச்சிக்குவான்."

நான் எழுந்து நின்றேன். "நான் ஆடுறேன்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அறிவழகன் விரலை மடக்க ஆரம்பித்தான். "மொதல்ல நீ பொண்ணு. ரெண்டாவது நீ இந்திக்காரி. இது தமிழ் வெளையாட்டு. மூணாவது..."

என் பூட்ஸைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"மூணாவதையும் சொல்லு" என்றேன்.

அவன் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் வலிக்காது என்று நினைத்தான் போல. நன்றாகவே வலித்தது.

"எனக்கு இந்தி தெரியாது. நாங்க பேசறது ஒடியா."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப தமிழும் மலையாளமும் ஒண்ணா?"

"கிட்டத்தட்ட" என்றான் பின்னால் இருந்த இளவரசு. அவன் எப்போதும் இப்படித்தான், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வான்.

"ஒரே ஒரு வாட்டி ஆட வுட்டுப் பாருங்களேன், கொறஞ்சா போயிடுவீங்க?" என்று சாய்ரா சண்டைக்கு நின்றாள். அவள் வாய்க்குப் பயந்தே மைதானத்துக்கு வந்தார்கள்.

நான் பூட்ஸைக் கழற்றி வைத்தேன். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வீட்டுக்குள் நான் பூட்ஸ் போடுவதில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் ஒற்றைக் காலில் தத்தித் தத்தித்தான் போவேன். மெதுவாகப் போ என்று அம்மா ஒடியாவில் கத்திக்கொண்டே இருப்பார். நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

ஆறு பேரும் கட்டத்துக்குள் நின்றார்கள். முதலில் ஆசிக்கைத் தொட்டேன். அடுத்து இளவரசு. பிறகு வரிசையாக எல்லோரையும் தொட்டேன். கடைசியில் அறிவழகன் மூலையில் மாட்டிக்கொண்டான். அவன் முதுகில் நான் வைத்த அடி கொஞ்சம் பலமானதுதான்.

சாய்ரா குதித்தாள். அறிவழகன் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "இது செல்லாது" என்றான்.

"ஏன் செல்லாது?"

"கால் கீழ பட்டா அவுட்டுங்கறதுதான் ஆட்டமே. உன் கால்தான் கீழ எட்டவே எட்டாதே. உன்ன எப்பிடி அவுட் ஆக்குறது?"

முதலில் ஆட முடியாது என்று ஒதுக்கினார்கள். இப்போது நன்றாக ஆடுகிறேன் என்று ஒதுக்குகிறார்கள். நான் எந்தப் பக்கம்தான் போவது?

பூட்ஸை மாட்ட உட்கார்ந்தேன். உட்கார்ந்து யோசித்தபோது, அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆனாலும் நியாயம் நியாயம்தானே.

"எல்லாரும் பெல்ட்டக் கழட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நொண்டியடிக்கப் போறவங்க ஒரு கால மடக்கி பெல்ட்டால கட்டிக்குங்க. அப்ப உங்க காலும் கீழ எட்டாது. கை தரையில பட்டா அவுட்டு, விழுந்தா அவுட்டு. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

பெல்ட்டைக் கழற்றியதும் இளவரசுவின் பேண்ட் இறங்கத் தொடங்கியது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே நொண்டினான். சாய்ரா சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அறிவழகன் மூன்று தத்து தத்தினான். தொப்பென்று குப்புற விழுந்தான். எழுந்தபோது மூக்கெல்லாம் மண். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முழங்காலில் ரத்தம் கசிந்தது. கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

"கீழ பாக்காத. தொடப் போற ஆளப் பாரு. ரெண்டு கையையும் விரிச்சிக்க" என்று சொல்லிக் கொடுத்தேன்.

மறுபடி ஆடினான். இந்த முறை கட்டத்தின் பாதி வரை போனான். மூச்சு வாங்கிக்கொண்டே என் காலைப் பார்த்தான்.

"ஒனக்கு வலிக்குமா?"

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

"சாயங்காலம் வலிக்கும். அம்மா எண்ணெய் தேச்சி வுடுவாங்க."

அவன் தலையை ஆட்டினான். பிறகு மற்றவர்களிடம், "மொத ஆளா இவளே போவட்டும்" என்றான்.

"அப்ப என்ன வுட்ருங்கடா, கை வலி உசுரு போவுது" என்று ஆசிக் சந்தோஷமாக ஓடிப்போனான்.

புதிய சட்டத்தை ரேகா டீச்சரிடம் சொன்னோம். அவர் சிதம்பரத்து டீச்சரிடம் பேசினார். சனிக்கிழமை வந்த பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினார்கள்.

நான்தான் முதலில் இறங்கினேன். ஒருவர், இருவர், மூவர் என்று நாலு பேரைத் தொட்டுவிட்டேன். ஐந்தாவதாக ஒரு நெட்டைப் பையன். வலது பக்கம் போக்குக் காட்டிவிட்டு இடது பக்கம் ஓடினான். நான் எட்டிப் பிடிக்கப் பாய்ந்தேன். வழுக்கி விழுந்தேன். இரண்டு கையும் தரையில். அவுட்.

நான் விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் விழுந்தாலும் கடைத்தெருவில் விழுந்தாலும் நாலு பேர் ஓடி வருவார்கள். "ஐயோ பாவம், பொம்பளப் புள்ள, கால் வேற இப்பிடி" என்று உச்சுக் கொட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன்.

"ஏ லிப்ஸா, அறிவிருக்கா ஒனக்கு? அவன்தான் ஏமாத்துறான்னு தெரியுதில்ல, ஏன் பாஞ்ச?" என்று கத்தினான் அறிவழகன்.

"இன்னும் ரெண்டே பேருடி, கெடுத்திட்டியே" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து சாய்ரா கத்தினாள்.

"நான்லாம் இடது பக்கந்தான் போயிருப்பேன்" என்றான் இளவரசு.

ஒருவர்கூடப் பாவம் என்று சொல்லவில்லை. திட்டினார்கள். ஆட்டத்தைக் கெடுத்த ஆளைத் திட்டுவதுபோல வாய் நிறையத் திட்டினார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். "மொதல்ல நீங்க போயி நாலு பேரத் தொட்டுட்டு வாங்க, அப்பறம் பேசுங்க" என்று நானும் பதிலுக்குத் திட்டினேன்.